பழமையான கட்டடத்தில் வெப்பமூட்டும் அமைப்பைப் புதுப்பித்தல்: பாய்லரைக் கடைசியில் வாங்குவதற்கான முழு வழிகாட்டி

பழைய மாளிகை, தேவாலயம், நூலகம், நூறு ஆண்டு தாண்டிய பள்ளிக்கூடம் என எந்தக் கட்டடமானாலும் இந்த வேலையில் இறங்கும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பழைய பாய்லர் நின்றுபோன அன்று புதிய பாய்லருக்கு விலை கேட்பதிலிருந்து வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். எந்தப் பாய்லர், எவ்வளவு கிலோவாட், எத்தனை டிகிரித் தண்ணீர் என்பதெல்லாம் வேறு பத்துக் கணக்குகளின் விடை. விடையை முதலில் எழுதிவிட்டால் கணக்கை அதற்கேற்ப வளைக்க வேண்டிவரும்; அந்த வளைப்புக்கான விலையைச் சுவரும் மரமும் கொடுக்கும்.

குளிர் நாடுகளில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல், செங்கல் கட்டடங்களுக்கும், வெந்நீர் ரேடியேட்டர் அமைப்புகளுக்கும் பொருந்தும்படி படிகளைக் கீழே தந்திருக்கிறோம். வரிசையை மாற்றாதீர்கள்.

வேலை தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் தானே பதியும் லாகர்கள் ஆறேழு, சுவரின் மேற்பரப்பு வெப்பத்தை அளக்கும் கருவி, ஊசி வைத்த மர ஈரமானி, ஒவ்வொரு தளத்தின் வரைபடம், பிறகு குறைந்தது ஒரு குளிர்காலப் பொறுமை. கடைசியாகச் சொன்னதுதான் எளிதில் கிடைப்பதில்லை.

1. ஓராண்டு அளவெடுங்கள்

லாகர்களை அறைக்கு ஒன்றாக வைத்து, மணிக்கு ஒருமுறையாவது பதியவிடுங்கள். வெயில் படும் இடத்திலோ, ரேடியேட்டருக்கு மேலோ, வெளிக்கதவை ஒட்டியோ வைக்கக் கூடாது. ஆள் உயரத்தில் ஒன்று, உயரமான கூடமாக இருந்தால் கூரைக்கு அருகில் ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் ஆறேழு டிகிரி வந்தால், நீங்கள் வாங்கும் எரிபொருளின் பெரும்பங்கு கூரையைத்தான் சூடாக்குகிறது என்று பொருள்.

ஓராண்டு ஏன் என்றால், பழைய மரவேலைப்பாடுகளும் ஓவியப் பலகைகளும் தாம் பழகிவந்த ஈரப்பதத்துக்கு ஏற்பத் தம்மைச் சரிசெய்துகொண்டவை. அந்தக் கட்டடத்தின் பழகிய நிலையைத் தெரிந்துகொண்டு அதை ஒட்டியே எல்லை வகுக்க வேண்டும் என்பதுதான் ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 15757-இன் அடிப்படை. எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே எண் என்று ஒன்று கிடையாது.

அவசரம் என்றால்? பழைய பாய்லரைத் தற்காலிகமாக ஓட்டுங்கள், அல்லது வாடகைக்கு ஒன்றை எடுத்து ஒரு குளிர்காலத்தைத் தள்ளுங்கள். தவறான அமைப்பைப் பொருத்திவிட்டுப் பிரிப்பதைவிட அது மலிவு.

2. இருப்பது என்ன வகை என்று கண்டுபிடியுங்கள்

பழைய அமைப்புகள் நான்கு வகைக்குள் அடங்கிவிடும். பாய்லரிலிருந்து கைக்கு அடங்காத தடிமனில் குழாய்கள் கிளம்பி, பரணில் திறந்த தொட்டி இருந்தால் அது பம்பு இல்லாமல், சூட்டால் தண்ணீர் தானே ஏறி இறங்கிய அமைப்பு. ரேடியேட்டரின் இரு முனைகளும் ஒரே குழாயில் சேர்ந்தால் ஒற்றைக்குழாய்ச் சுற்று. போக ஒன்று, வர ஒன்று என இருந்தால் இரட்டைக்குழாய். ரேடியேட்டருக்கு ஒரே ஒரு குழாய் மட்டும் வந்து, பக்கவாட்டில் பாதி உயரத்தில் காற்றுப்போக்கி இருந்தால் அது நீராவி.

நீராவி அமைப்பைக் கண்டதும் நிறுத்தி நிதானியுங்கள். ஒற்றைக்குழாய் நீராவியை வெந்நீருக்கு மாற்ற ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் திரும்பும் குழாய் புதிதாகப் போட வேண்டும். சில நீராவி ரேடியேட்டர்களின் பகுதிகள் கீழே மட்டும்தான் இணைந்திருக்கும். மேலே இணைப்பு இல்லாததால் ஒவ்வொரு பகுதியிலும் காற்று தேங்கி, தண்ணீர் சுற்றாது. இன்னொன்று, வீட்டு நீராவி அமைப்புகள் 0.14 பார் அழுத்தத்துக்கும் கீழே ஓடியவை. மூடிய வெந்நீர்ச் சுற்றில் அழுத்தம் 1 முதல் 1.5 பார். பத்து மடங்கு ஏறும்போது எந்த இணைப்பு கசியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

குழாய் மீது வெள்ளையாக, மாவுக்கட்டு போலச் சுற்றியிருப்பதைக் கையால் உரிக்காதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பாய்லர் கதவின் கயிற்று அடைப்பிலும் இருக்கலாம். மாதிரி எடுத்துச் சோதித்து முடிவு வரும்வரை அந்த அறையைப் பூட்டி வையுங்கள். ரேடியேட்டரின் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வறண்ட நிலையில் தேய்க்கவே கூடாது.

பாதுகாக்கப்பட்ட கட்டடமானால் மரபுச்சின்ன அதிகாரிகளின் எழுத்துமூல அனுமதி இந்த நிலையிலேயே தொடங்க வேண்டும். அவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: பின்னாளில் இதைக் கழற்றினால் கட்டடம் பழையபடி இருக்குமா? ஒவ்வொரு துளைக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவையுங்கள்.

3. யாருக்கு, எப்போது, எத்தனை டிகிரி

கட்டடம் முழுவதையும் 21 டிகிரியில் வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆள் வரும் கூடமும் தினம் எட்டு மணி நேரம் ஆள் உட்காரும் அலுவலகமும் ஒன்றல்ல.

காற்றைச் சூடாக்கினால் அது வறளும். வெளியே 5 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று உள்ளே வந்து 20 டிகிரி ஆனால், அதன் ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பல்லாண்டுகளாக 65 சதவீதத்தில் இருந்த மரப்பலகை சில நாட்களில் 30-க்கு வந்தால் சுருங்கும். சுருங்க இடமில்லாமல் சட்டத்தில் ஆணி அடித்திருந்தால் பிளக்கும். குழாய் ஆர்கனின் காற்றுப் பெட்டிகளும் பதித்த மரவேலையும் முதலில் போகும்.

மறுபக்கம், போதிய சூடு இல்லாவிட்டால் பூஞ்சை. 20 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 12 டிகிரிப் பரப்பைத் தொட்டதும் நீர்த்துளி கட்டும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிக்குப் பின்புறம் 11 டிகிரி இருந்தால், அறைக்குள் எல்லாம் சரியாகத் தெரியும். அலமாரிக்குப் பின்னால் கறுப்பு படர்ந்திருக்கும். துளி கட்டும்வரை கூடப் பூஞ்சை காத்திருக்காது. பரப்பை ஒட்டிய ஈரப்பதம் 80 சதவீதத்தில் நீடித்தாலே அதற்குப் போதும்.

ஆகவே அருங்கலைப் பொருள் உள்ள இடங்களுக்கு 50 முதல் 65 சதவீத ஈரப்பதத்தைக் குறியாகக் கொண்டு, வெப்பத்தை அதற்கேற்ப விடுவது நல்ல தொடக்கம். உங்கள் ஓராண்டுப் பதிவு வேறு சொன்னால் பதிவுக்கே முதலிடம். ஆள் உட்காரும் இடத்துக்கு மட்டும் தனியே சூடு கொடுங்கள். தேவாலயமானால் இருக்கைக்கு அடியில் வைக்கும் மின் சூடேற்றிகள், ஆளைச் சூடாக்கிவிட்டுக் கூரையை விட்டுவிடும். சூடான காற்றை ஊதும் அமைப்பு உயரமான கூடத்துக்கு ஒத்துவராது. சூடு மேலே ஏறிப்போகும், கிளம்பும் தூசி ஓவியத்தில் படியும்.

சூடேறும் வேகத்தையும் கட்டுப்படுத்துங்கள். மணிக்கு 1 டிகிரி, மிஞ்சினால் 1.5. ஞாயிறு காலை ஆறு மணிக்கு முழு வேகத்தில் ஓட்டி எட்டு மணிக்குப் பத்து டிகிரி ஏற்றுவது போல மரத்தைக் கெடுக்கும் பழக்கம் வேறில்லை.

4. முதலில் கட்டடத்தைச் சரிசெய்யுங்கள்

ஈரமான சுவர் வறண்ட சுவரைவிட அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். அடைத்துப்போன மழைநீர்க் குழாய், உடைந்த தாழ்வாரக் கால்வாய், சுவரடியில் தரைமட்டத்துக்கு மேல் ஏறிக்கிடக்கும் மண் ஆகியவற்றைச் சரிசெய்வதே மலிவான வெப்பக்காப்பு. வெளிச்சுவரில் பின்னாளில் யாரோ பூசிய சிமெண்டு இருந்தால், அதன் பின்னால் ஈரம் அடைபட்டிருக்கும். அதைச் சுவருக்குச் சேதமில்லாமல் எடுக்க முடிந்தால் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள்.

சுவர் நனைந்திருக்கும்போதே பலமாகச் சூடேற்றினால் ஓதம் உள்முகமாக வந்து உப்பு பூக்கும். சாதாரண உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் கரையும், கீழே இறங்கினால் படிகமாகும். வாரம் ஒருநாள் மட்டும் சூடேற்றும் கட்டடத்தில் அந்த எல்லையை ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் படிகம் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். சுவரோவியம் இருக்கும் இடத்தில் இது முதலுக்கே மோசம்.

அடுத்து இடுக்குகள். சன்னல் சட்டம், கதவடி, தரைப்பலகைச் சந்து, பயன்படாத புகைபோக்கி. சன்னலைப் பழுதுபார்த்துத் தூரிகைப் பட்டை பதியுங்கள். புகைபோக்கியை முழுக்க அடைக்காதீர்கள். அடைத்தால் உள்ளே ஈரம் தேங்கி, பழைய கரியும் உப்பும் பூச்சில் மஞ்சளாக ஊறும். மேலே மழைக்குடை, கீழே சின்னக் காற்றுத்துளை என இரண்டும் இருக்கட்டும்.

பரணில் கம்பளியோ மரநாரோ 250 முதல் 300 மி.மீ. விரியுங்கள், ஆனால் கூரைச் சரிவின் விளிம்பில் காற்று போகும் வழியை மூடாதீர்கள். சுவரின் உட்புறம் பிளாஸ்டிக் நுரைப்பலகை ஒட்டுவதை மட்டும் தவிருங்கள். சுவர் குளிர்ந்து போய், அதற்குள் நுழையும் விட்டங்களின் முனைகள் நனைய ஆரம்பிக்கும். மர ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் உளுப்புக்குக் கதவு திறந்தாயிற்று.

5. அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடுங்கள்

பழைய பாய்லரின் தகட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் புதியதற்கு எடுத்துக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்த எண், திறந்த புகைபோக்கியும் ஆடும் சன்னலும் இருந்த நாளில், போதும் போதும் என்று கூட்டிப் போட்டது.

கணக்கு எளிது. ஒவ்வொரு பரப்புக்கும் யு மதிப்பை (ஒரு டிகிரி வேறுபாட்டில் ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெளியேறுகிறது என்ற எண்) அதன் சதுர மீட்டரால் பெருக்குங்கள். காற்றுக்கு 0.33-ஐ மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்பதாலும் அறையின் கன மீட்டராலும் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி, உள்ளுக்கும் வெளிக்குமான வெப்ப வேறுபாட்டால் பெருக்கினால் வாட்.

ஓர் அறையைப் போட்டுப் பார்ப்போம். 6 மீட்டருக்கு 5 மீட்டர், உயரம் 3.6, மேலும் கீழும் சூடான அறைகள், இரண்டு வெளிச்சுவர்கள், 1.2 மீட்டருக்கு 2.2 அளவில் இரண்டு சன்னல்கள். சன்னல் 5.28 ச.மீ., சன்னல் போக மீதிச் சுவர் 34.3 ச.மீ., அறை 108 கன மீட்டர். உள்ளே 20, வெளியே 0 டிகிரி.

கல் சுவருக்கு யு மதிப்பு 1.5 வைத்தால் 51.5. ஒற்றைக் கண்ணாடிக்கு 5 வைத்தால் 26.4. மணிக்கு ஒன்றரை முறை காற்று மாறினால் 53.5. மொத்தம் 131.4, 20-ஆல் பெருக்க ஏறக்குறைய 2,630 வாட்.

இதில் பெரிய பங்கு எது என்று பாருங்கள். அறுபது செண்டிமீட்டர் கல்சுவர் முழுவதும் இழப்பதைவிட இடுக்குக் காற்று இழப்பது கூடுதல். காற்று மாற்றத்தை 0.8-க்குக் கொண்டுவந்தால் இழப்பு 2,130 வாட். சன்னலின் உட்புறம் கழற்றக்கூடிய இரண்டாவது கண்ணாடிச் சட்டம் வைத்து, சன்னலின் மதிப்பை 2.5 ஆக்கினால் 1,860 வாட். சுவரைத் தொடவே இல்லை. 770 வாட் போய்விட்டது.

காற்றை அதற்குமேல் இறுக்க வேண்டாம். ஆள் விடும் மூச்சின் ஈரம் வெளியே போக வழி வேண்டும்.

யு மதிப்புக்கு மென்பொருள் தரும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பழைய திண்மச் சுவர்களை நேரில் அளந்தபோது, கணக்கில் வந்ததைவிடக் குறைவாகவே பலமுறை இழந்திருக்கின்றன. உள்ளே இருக்கும் சுண்ணாம்பும் காற்றுப் பொந்துகளும் காரணம். பெரிய கட்டடமானால் இரண்டு சுவர்களில் வெப்ப ஓட்டத் தகடு ஒட்டி, குளிர்காலத்தில் இரண்டு வாரம் அளப்பதற்கான செலவு வீண்போகாது.

6. பழைய ரேடியேட்டரை எறியாதீர்கள்

வார்ப்பிரும்பு ரேடியேட்டர் கட்டடத்தின் அங்கம். பெரும்பாலும் வேலைக்கும் அதுவே போதும். புதுமுகங்கள் அது போதாது என்று நினைப்பதற்குக் காரணம், தகட்டு அளவைத் தவறாகப் படிப்பது.

ஈ.என். 442 தரநிலைப்படி ரேடியேட்டரின் வாட், தண்ணீரின் சராசரிக்கும் அறைக்கும் 50 டிகிரி வேறுபாட்டில் சொல்லப்படுகிறது. அதாவது 75-இல் போய் 65-இல் திரும்பும் தண்ணீர், 20 டிகிரி அறை. வேறுபாடு குறைந்தால் வெளியீடு நேர்விகிதத்தைவிட வேகமாகக் குறையும். வேறுபாடுகளின் விகிதத்தை ஏறக்குறைய 1.3 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். வேறுபாடு 30 என்றால் கிடைப்பது 51 சதவீதம். 20 என்றால் 30 சதவீதம்.

மேலே கணக்கிட்ட அறையில் 3,800 வாட் ரேடியேட்டர் இருக்கிறது என்று வையுங்கள். 55-இல் போய் 45-இல் திரும்பும் தண்ணீரில் வேறுபாடு 30. கிடைப்பது சுமார் 1,950 வாட். இடுக்குகளை அடைக்குமுன் தேவை 2,630. இடுக்கை மட்டும் அடைத்தால் 2,130; அப்போதும் போதாது. சன்னல் சட்டமும் வைத்த பிறகு 1,860, போதும். வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ சூட்டை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் மின் இயந்திரமான ஹீட் பம்ப் சரிவருமா வராதா என்பது இந்த ஒரு கணக்கில்தான் முடிவாகிறது. நான்காம் படியை விட்டுவிட்டு ஒன்பதாம் படிக்குத் தாவியவர், எல்லா ரேடியேட்டரையும் மாற்றியாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருப்பார்.

கழற்றும் வரிசை: முதலில் புகைப்படம், பிறகு எண் போட்ட உலோகத் துண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுதல், பிறகு வால்வைத் திருகுதல். வார்ப்பிரும்பு எடை மிகுந்தது. இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்று கை வைத்தால் கால் விரலோ தரைப்பலகையோ போகும். சக்கரத் தட்டு வையுங்கள்.

வெளியே எடுத்துச் சென்று, கீழ் முனையில் குழாய் வைத்துத் தண்ணீரை வேகமாக விடுங்கள். திருப்பி வைத்து மேல் முனையில் விடுங்கள். முதலில் கறுப்பு மை போல வரும், அது துருச்சேறு. தெளிந்த தண்ணீர் வரும்வரை நிறுத்தாதீர்கள். பகுதிகளுக்கு இடையே கசிந்தால் உள்ளிருக்கும் இணைப்பு வளையத்தைத் திருகி எடுத்து அடைப்பை மாற்ற வேண்டும். அதன் ஒரு பாதி வலப்புரி, மறு பாதி இடப்புரி. தெரியாமல் ஒரே பக்கம் முறுக்கினால் வார்ப்பு வெடிக்கும்.

மேலே அலுமினியம், வெண்கலப் பொடி கலந்த வண்ணம் அடித்திருந்தால் கதிர்வீச்சு குறையும். சாதாரண வண்ணம் எந்த நிறமானாலும் கவலையில்லை. அழகுக்கு மூடும் மரப்பெட்டி வேண்டாம்.

மரச்சலாகை மேல் பூசிய சுவரில் ரேடியேட்டரைத் தொங்கவிடாதீர்கள். காலூன்றி நிறுத்தி, சாயாமல் இருக்க மட்டும் மேலே ஒரு பிடி. துளை போட வேண்டுமானால் கல்லில் போடாமல் சாந்து மூட்டில் போடுங்கள். மூட்டை மறுபடி அடைத்துவிடலாம். கல்லில் விழுந்த துளை விழுந்ததுதான்.

7. குழாய்ப் பாதை

புதிய பாதை தேடுமுன் பழைய பாதையைத் தேடுங்கள். பயன்படாத புகைபோக்கிக் குழல், பணியாளர் படிக்கட்டின் அடிப்பகுதி, மணிக்கம்பி ஓடிய துளை, முந்தைய குழாயின் ஓட்டை. இவை இருக்கும்போது புதிதாக வெட்ட வேண்டியதில்லை.

தரையைத் தாங்கும் குறுக்குக்கட்டைகளுக்கு இணையாகவே குழாயை ஓட்டுங்கள். குறுக்கே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் கட்டையின் ஆழத்தில் நடுவே துளையிடுங்கள். துளை கட்டை ஆழத்தின் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. இடம், தாங்கு முனையிலிருந்து நீளத்தில் 0.25 முதல் 0.4 பங்குக்குள். 200 மி.மீ. ஆழமும் 4 மீட்டர் நீளமும் உள்ள கட்டைக்கு, துளை 50 மி.மீ.க்கு மிகாமல், முனையிலிருந்து 1 முதல் 1.6 மீட்டருக்குள். மேற்புறம் வெட்டும் பள்ளம் என்றால் எட்டில் ஒரு பங்குதான், அதாவது 25 மி.மீ.; அதுவும் 0.07 முதல் 0.25 பங்குக்குள். நடுப்பகுதியில் பள்ளம் வெட்டினால் கட்டை தொங்கும். கீழே சித்திரக் கூரைப் பூச்சு இருந்தால் அது விரியும்.

10 மீட்டர் செம்புக்குழாய் 50 டிகிரி சூடேறினால் சுமார் 8.5 மி.மீ. நீளும். மரத்தில் உராயும் இடத்தில் கம்பளித்துணி சுற்றாவிட்டால் இரவு முழுக்க ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும். பேய் இருப்பதாகச் சொல்லப்படும் பழைய மாளிகைகளில் பாதிப் பேயை இந்தத் துணி ஓட்டிவிடும்.

தானே சுற்றும் பழைய அமைப்பின் தடித்த குழாயைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். 10 கிலோவாட்டைக் கொண்டுபோக, போகும் தண்ணீருக்கும் வரும் தண்ணீருக்கும் 20 டிகிரி வேறுபாடு இருந்தால் மணிக்கு 430 லிட்டர் போதும். ஹீட் பம்புக்கு ஏற்ற 5 டிகிரி வேறுபாட்டில் 1,720 லிட்டர் வேண்டும். அவ்வளவு தண்ணீர் அந்தத் தடித்த குழாயில் சத்தமில்லாமல் போகும். பின்னாளில் போட்ட விரல் தடிமன் குழாய்தான் திணறும்.

8. மூடிய சுற்றாக மாற்றுதல்

பரணில் உள்ள திறந்த தொட்டி உறைந்து வெடிப்பதும், அது வழியே ஆக்சிஜன் கலந்து துருவை வளர்ப்பதும் வாடிக்கை. ஆகவே மூடிய சுற்று நல்லது. ஆனால் பழைய இணைப்புகளைச் சோதிக்காமல் மாற்றக் கூடாது.

சோதனையை முதலில் 0.2 பார் அளவு காற்றால் செய்யுங்கள். கசிவு இருந்தால் சீறும் சத்தமும் சோப்பு நுரையும் காட்டிக்கொடுக்கும். சித்திரக் கூரை நனையாது. காற்றின் அழுத்தத்தை அதற்குமேல் ஏற்றாதீர்கள், அது ஆபத்து. பிறகு தண்ணீர் நிரப்பி, ஓடப்போகும் அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் சோதனை. அன்று அறைக்கு ஓர் ஆள் நிற்கட்டும்.

சூடேறி விரியும் தண்ணீருக்கு இடம் தரும் விரிவுக் கலனின் அளவில் பலர் ஏமாறுகிறார்கள். பாய்லரோடு சேர்ந்து வரும் சின்னக் கலன் புதிய வீட்டுக்கானது. பழைய அமைப்பில் 800 லிட்டர் தண்ணீர் இருக்கலாம். 10-இலிருந்து 80 டிகிரிக்குப் போனால் தண்ணீர் 2.9 சதவீதம் விரியும்; 23 லிட்டர். கட்டடத்தின் உயரம் 8 மீட்டர் என்றால் நிலையழுத்தம் 0.8 பார், 0.2 கூட்டிக் கலனின் முன்னழுத்தம் 1 பார். மேல் எல்லை 2.5 பார். காற்றழுத்தத்தையும் சேர்த்தால் இவை 2-உம் 3.5-உம். 2-ஐ 3.5-ஆல் வகுத்து, அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.43. 23-ஐ அந்த 0.43-ஆல் வகுத்தால் 54 லிட்டர். கடையில் 60 அல்லது 80 லிட்டர் கலனாக வாங்குங்கள். பாதுகாப்பு வால்வு 3 பார். கலன் சிறியதானால் சூடேறும்போதெல்லாம் அந்த வால்வு சொட்டும். சொட்டியதை ஈடுகட்டப் புதுத் தண்ணீர் ஏறும். புதுத் தண்ணீரோடு புது ஆக்சிஜன், புதுத் துரு.

எவ்வளவு கழுவினாலும் பழைய குழாயிலிருந்து சேறு வந்துகொண்டேதான் இருக்கும். திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி, தண்ணீரில் துருத்தடுப்பான் ஆகிய இரண்டும் கட்டாயம். பெரிய அமைப்பில், பழைய தண்ணீரையும் புதிய இயந்திரத்தையும் தகட்டு வெப்பமாற்றி ஒன்றால் பிரித்துவிடுவது இன்னும் நிம்மதி. ஹீட் பம்பில் இதனால் இரண்டு மூன்று டிகிரி போகும் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

9. இப்போது வெப்ப மூலத்தைத் தேர்ந்தெடுங்கள்

அறைகளின் வாட்டைக் கூட்டினால் தேவை கைக்கு வந்துவிட்டது. அதன் மேல் முப்பது சதவீதம் ‘இருக்கட்டும்’ என்று கூட்டாதீர்கள். பெரிதான இயந்திரம் அடிக்கடி எரிந்து அணையும்.

வாயு கண்டென்சிங் பாய்லர் என்றால், திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் புகையின் நீராவி குளிர்ந்து வெப்பத்தைத் தரும். 80 டிகிரியிலேயே ஓட்டினால் அந்தப் பெயருக்குப் பொருளில்லை. புகையில் குளிர்ந்து வடியும் நீர் அமிலம், பி.எச். 3 முதல் 4. சுண்ணாம்புக்கல் சுவரிலோ ஈயத் தகட்டிலோ அது சொட்டினால் அரிக்கும். தனிக்குழாயில் கழிவுநீருக்குக் கொண்டுபோங்கள். வெளியே ஓடும் பகுதியை 32 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள், இல்லையேல் உறைந்து பாய்லர் நிற்கும். பழைய புகைபோக்கி வழியாகப் புகை போவதானால் உள்ளே எஃகு அல்லது பிளாஸ்டிக் உள்குழல் வேண்டும்.

ஹீட் பம்ப் என்றால், தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி குறைப்பது ஏறக்குறைய 2 சதவீத மின்சாரத்தை மிச்சப்படுத்தும். 35 முதல் 55 டிகிரிக்குள் உங்கள் ரேடியேட்டர்கள் போதும் என்று ஆறாம் படி சொன்னால் தயங்க வேண்டாம். வெளிக்கருவியைத் தோட்டக் கொட்டிலுக்குப் பின்னாலோ கைப்பிடிச்சுவருக்கு உள்ளேயோ மறைக்கலாம், ஆனால் விட்ட குளிர்காற்றையே அது திரும்ப இழுக்கும்படி மூலையில் திணிக்காதீர்கள். பழைய மின்வயர் அந்தச் சுமையைத் தாங்குமா என்று மின்பணியாளர் எழுதித் தரட்டும். நிலத்தடிக் குழாய்க்குத் தோண்டுவதானால் தொல்லியல் அனுமதி தனி.

10. நெருப்பு

இங்கிலாந்தின் அப்பார்க் மாளிகை 1989 ஆகஸ்ட் 30 அன்று எரிந்தது. கூரை ஈயத்தைச் சீர்செய்த தொழிலாளர்களின் ஊதுவிளக்கிலிருந்து தீ பற்றியது. பழைய பரணில் நூறாண்டுத் தூசியும் பறவைக்கூடும் வறண்ட மரமும் இருக்கின்றன. குழாய் இணைப்புக்குத் தீ வேண்டாம். அழுத்தி இறுக்கும் இணைப்போ திருகு இணைப்போ போடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் வெளியே பட்டறையில் பற்றவைத்து உள்ளே கொண்டுவாருங்கள்.

11. கட்டுப்பாடு

வெளிவெப்பத்துக்கு ஏற்பத் தண்ணீரின் சூட்டை மாற்றும் கட்டுப்பாடு வையுங்கள். வெளியே 0 என்றால் 55, வெளியே 15 என்றால் 30 என்ற கோட்டில் தொடங்கி, அறை சற்றே குளிரும்வரை கோட்டைத் தாழ்த்தி, ஒரு படி மேலே ஏற்றி நிறுத்துங்கள். தடித்த சுவர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும்; இரவில் முழுக்க அணைத்துக் காலையில் விரட்டுவது இங்கே மிச்சம் தராது.

கலைப்பொருள் அறைகளில் ஈரப்பதக் கட்டுப்படுத்தி வெப்பத்தை ஆளட்டும். கீழெல்லை 5 டிகிரி, மேலெல்லை 20. இதில் ஒரு விநோதம்: ஈரமான கோடை நாளிலும் ரேடியேட்டர் லேசாகச் சுடும். காவலர் பழுது என்று நினைத்து அணைத்துவிடுவார். சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதி ஒட்டுங்கள்.

தெர்மோஸ்டாட் வால்வின் தலை கிடைமட்டமாக, திரைச்சீலைக்கு வெளியே இருக்க வேண்டும். ஒற்றைக்குழாய்ச் சுற்றானால் அதற்கென உள்ள குறைந்த தடை வால்வையே போடுங்கள். சாதாரண வால்வு போட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குள் நுழையாமல் நேரே போய்விடும்.

12. முதல் குளிர்காலம்

இலையுதிர்காலத் தொடக்கத்திலேயே, வெளியே இன்னும் மிதமாக இருக்கும்போது ஓட்டத் தொடங்குங்கள். புதிதாகச் சூடு பெறும் அறையில் ஒரு நாளைக்கு 1 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். பத்து நாள் ஆகும். மரம் அந்தப் பத்து நாளைப் பயன்படுத்திக்கொள்ளும்.

தொலைவிலுள்ள ரேடியேட்டர் குளிர்ந்தும் பக்கத்தில் உள்ளது கொதித்தும் இருந்தால் பம்பைக் கூட்டாதீர்கள். பக்கத்தில் உள்ளதன் திரும்பு வால்வை முழுக்க மூடி, அரைச்சுற்று மட்டும் திறந்து அரைமணி காத்திருங்கள். அடுத்ததற்குப் போங்கள். நாற்பது ரேடியேட்டருக்கு இரண்டு நாள் பிடிக்கும் வேலை இது, அவசரத்தில் விடுபடுவதும் இதுதான்.

ஏற்கெனவே உள்ள விரிசல்களைப் பென்சிலால் குறிக்காதீர்கள். அந்தக் கோடும் அழியாது. அளவுகோலைப் பக்கத்தில் பிடித்து, வாரம் ஒருமுறை அதே இடத்திலிருந்து புகைப்படம் எடுங்கள். அகலம் கூடினால் வெப்பத்தை 2 டிகிரி இறக்கி, லாகரின் ஈரப்பதக் கோட்டைப் பாருங்கள்.

நான்கு வாரம் கழித்து வடிகட்டியைத் திறந்து துடையுங்கள். காந்தத்தில் கறுப்புக் களி விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தால் அடுத்த மாதமும் திறக்க வேண்டும். மெல்லிய படலம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை போதும். அழுத்தமானியில் குளிர்ந்த நிலையில் காட்டிய எண், எந்த வால்வு எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது, தண்ணீரில் என்ன மருந்து எவ்வளவு ஊற்றியது ஆகியவற்றை எழுதி, பாய்லர் அறைக் கதவின் உட்புறம் மாட்டிவிடுங்கள்.